அரக்கு ஆறுவதற்குள்

மாத்தளை மாவட்டத்தில் பல்லேஹப்புவித என்றொரு கிராமம் இருக்கிறது. பல தலைமுறைகளாக அங்கே அரக்கு வேலை செய்து வருகிறார்கள். மரக்கிளைகளில் அப்பிக்கொண்டு வாழும் சின்னஞ்சிறு பூச்சி ஒன்று சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதை உருக்கி, துணியால் வடித்து, வண்ணம் சேர்த்து, இழுப்பதும் மடிப்பதுமாகப் பிசைந்து பதமாக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. கைத்தடியாகட்டும் விசிறிக் காம்பாகட்டும், வேலை செய்யவேண்டிய மரத்தைக் கரி நெருப்பில் காட்டி வெதுவெதுப்பாக்கி, முதற்பூச்சைத் தடவி, ஓலைத் துண்டால் தேய்த்து மினுக்குவார்கள். அதன்பின் வருவதுதான் இந்த ஊரின் கைவண்ணம். வேறொரு நிற அரக்கை அனலில் இளக்கி, விரல்களுக்கிடையே மெல்லிய நூலாக இழுத்து, அந்த நூலை மரத்தின்மேல் வளைத்து வளைத்துப் படியவைத்து, கோடு முடியும் இடத்தில் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிவிடுவார்கள். தூரிகை இல்லை, உளி இல்லை. சிங்களத்தில் இது நியபொத்து வேலை, அதாவது நகவேலை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இந்த அரக்கு வேலையையும் விரிவாகப் பதிந்திருக்கிறார்.

இந்த வேலையில் என்னை ஈர்ப்பது அதன் அழகு மட்டுமல்ல, அது காலத்தைக் கையாளும் விதமும்தான். அனலிலிருந்து எடுத்த அரக்கு சில கணங்களில் இறுகத் தொடங்கும். சூடு கூடினால் நூல் தொய்ந்து அறும். சூடு குறைந்தால் மரத்தில் ஒட்டாது. எவ்வளவு வேகமாக இழுக்கவேண்டும், எப்போது மறுபடியும் அனலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதைச் சுவர்க் கடிகாரமோ மேற்பார்வையாளரோ சொல்வதில்லை. கையிலிருக்கும் பொருளே சொல்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க அங்கே இடமே இல்லை. பிழைத்தாலும் ஒரு சிறு நூல்தான் போகும். அதைச் சுரண்டியெடுத்து உருக்கினால் திரும்பவும் அரக்கு.

‘பிறகு’ என்பதோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டும் மனிதர்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

அதே மாவட்டத்தின் மேற்கோரத்தில், குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ6 நெடுஞ்சாலையில் இருக்கிறது கலேவெல. ஈரவலயம் முடிந்து வரண்ட வலயம் தொடங்கும் நிலம். தெவஹுவ குளம், நெல்வயல், மரக்கறித் தோட்டம், சிறுபோகத்தில் பெரிய வெங்காயம். சிங்களவரோடு கலந்து முஸ்லிம்களும் தமிழரும் வாழும் ஊர். தமிழ் அங்கே வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் புழங்குகிறது. அங்கே வெங்காயம் செய்யும் ஒருவரை மனதில் வரைந்துகொள்வோம். முப்பத்தெட்டு வயது. இவர் கற்பனை மனிதர். ஆனால் இவருக்கு நடப்பதெல்லாம் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு) உள்ள பெரியவர்கள் நாள்தோறும் சந்திப்பவை.

வெங்காயத்தின் தாள் சாய்ந்து நிலத்தில் படுத்துவிட்டால் அறுவடைக்குத் தயார் என்று அர்த்தம். அந்த நாட்களில் இவரை மிஞ்ச ஆளில்லை. விடியுமுன் வயலுக்குப் போவார், கூலியாட்களைச் சேர்ப்பார், லொறி பேசுவார், மழை மேகத்தைக் கண்டதும் பத்துப் பேர் வேலையை ஒருவராகச் செய்து படங்கு போட்டு மூடுவார். எல்லாம் முடிந்து கணக்குப் பார்க்கும் வாரம் வந்ததும் வேறு ஆளாகிவிடுவார். உர மானியத்துக்கான விண்ணப்பம் வாகனத்துக்குள்ளேயே கிடக்கும். வங்கித் தவணை, பணம் இருந்தும் பிந்தும். நீர்ப்பம்பு பாதி கழற்றிய நிலையில் கொட்டகையில் இருக்கும். முன்வாசல் கேற்றில் ஒரு பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்து இரண்டு வருடமாகிறது. “மகன், கையில எடுத்த வேலைய முடிச்சிட்டு மத்த வேலைக்குப் போங்களேன்” என்று உம்மா சொல்லாத நாளில்லை. ஊரார் அவ்வளவு மென்மையாகச் சொல்வதில்லை. மூளை இருக்கு, பொறுப்பில்லை என்பார்கள்.

அவருடைய தங்கை பாடசாலையில் குழப்படியே செய்யாதவள். பின்வரிசையில் அமைதியாக இருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசிரியர் கேட்கும்போது மட்டும் திடுக்கிட்டு எழும்புவாள். அவளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. திருமணமாகிப் பிள்ளைகள் வந்த பிறகு, பால் பொங்கி வழிவது, பிள்ளையின் தடுப்பூசித் திகதி தவறுவது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தை மறந்தே போவது என்று ஒவ்வொன்றும் பெண்ணின் குணக்கேடாக எண்ணப்பட்டது. அவளும் அப்படியே எண்ணிக்கொண்டாள். பெண்களிடம் இந்த நிலை பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதற்கு முக்கிய காரணம் இதுதான். ஓடித்திரிந்து வகுப்பைக் குழப்பும் பையனை எல்லாருக்கும் தெரிகிறது. கனவில் மிதக்கும் பெண்பிள்ளை யாருக்கும் இடைஞ்சலாக இருப்பதில்லை.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் அந்தப் பையனை மட்டுந்தான் பார்த்தது. லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 1902இல் ஆற்றிய உரைகளிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி ஊக்கமருந்து கொடுத்த பிள்ளைகள் பாடத்தில் அமர்ந்ததைக் கண்டார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உடைய இன்னும் பல தசாப்தங்கள் பிடித்தன. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு, பெரியவர்களுக்கென்று தனி அளவுகோலை 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தது: பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறிகள், பெரியவர்களுக்கு ஐந்து, சில அறிகுறிகளாவது பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். உலகளவில் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலும், பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பேர் அளவிலும் இது காணப்படுகிறது. இந்தச் சராசரி இங்கும் பொருந்துமானால், கலேவெலச் சந்தியில் நிற்கும் நிறைந்த பஸ் ஒன்றில் ஒருவராவது இருப்பார்.

மூளைக்குள் நடப்பது என்ன? கவனமே இல்லை என்பது தவறான சித்திரம். வெங்காய அறுவடையில் அந்த மனிதரிடம் இருந்த கவனத்தை நீங்களும் நானும் ஒரு மணி நேரம் தாங்கமாட்டோம். கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் ஏற்பாட்டில்தான் சிக்கல், அதில் டோபமீன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவில் நோரா வொல்கோவ் குழுவினர், இதற்கென மருந்தே எடுத்திராத 53 பெரியவர்களின் மூளையைப் படமெடுத்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். பலனை எதிர்பார்க்கவும் அதற்காக முயலவும் தூண்டும் பாதையில், டோபமீனை ஏற்கும் புரதங்களும் அதைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நடைமுறையில் இதன் பொருள், தொலைவில் இருக்கும் பலன் மிக வேகமாக மங்கிப்போகிறது என்பதே. மூன்று மாதத்துக்குப் பிறகு வரும் மானியம் இன்றைக்குக் காகிதத்தை நிரப்பும் உந்துதலைத் தருவதில்லை. சாய்ந்த தாளும் கறுத்த மேகமும் இந்தக் கணத்திலேயே தருகின்றன.

காலத்தை உணர்வதிலும் வேறுபாடு இருக்கிறது. எவ்வளவு நேரம் கழிந்தது என்று மதிப்பிடுவது, ஒரு தாளத்துக்குச் சீராகத் தட்டுவது போன்ற சோதனைகளில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் கூடுதலாகத் தடுமாறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வருபவர் பொய் சொன்னதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அவர் சொன்னபோது அது உண்மைதான். அவருக்குள்ளே அந்த ஐந்து நிமிடத்தை அளக்கும் கருவி நம்பத்தக்கதாக இல்லை.

இது வளர்ப்பின் கோளாறும் அல்ல. இரட்டைப் பிள்ளைகளிடமும் குடும்பங்களிடமும் செய்த ஆய்வுகளைத் தொகுத்தால், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 வீதம் மரபணுக்களால் வருகிறது. உயரத்துக்குச் சற்றே குறைவான அளவு. அந்த உம்மாவின் கண்டிப்புப் போதாமலோ கூடியோ மகன் இப்படி ஆகவில்லை. ஒருவேளை அவருடைய வாப்பாவும் பாதி வேலைகளால் நிறைந்த கொட்டகை ஒன்றை விட்டுப் போயிருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பாரம் மிஞ்சுகிறது. முப்பது வருடமாகக் கேட்ட சொற்களின் பாரம் அது. ஷெஃபீல்டில் டேனியல் பீற்றன், ஃபூஷியா சிருவா, எலிசபெத் மில்ன் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் தம்மிடம் தாம் காட்டும் பரிவு மற்றவர்களைவிடக் குறைவு. சுற்றியிருப்பவர்களிடமிருந்து தமக்கு வரும் விமர்சனம் அதிகம் என்ற உணர்வு கூடுதல். இரண்டுக்கும் இடையே தொடர்பும் இருந்தது. அதே குழு பின்னர் காட்டியதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்: இவர்களிடம் காணும் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் இந்தத் தன்பரிவுக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏ.டி.எச்.டி. தருவது ஒரு துன்பம். அதைப் பற்றி நாம் கற்றுக்கொண்ட சொற்கள் தருவது இன்னொரு துன்பம். இரண்டாவதை மாற்ற முடியும் என்பதே இந்த நூலை எழுதவைத்த நம்பிக்கைகளில் ஒன்று.

தன்னிடம் பரிவு காட்டினால் சோம்பல் கூடாதா என்று கேட்பார்கள். நம் வீடுகளில் கண்டிப்பே திருத்தும் என்ற எண்ணம் ஆழமானது. கனடாவில் கார்ள்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கல் வோல், திமொதி பிசில், ஷனன் பெனற் ஆகியோர் முதலாண்டு மாணவர் 119 பேரை இரண்டு பரீட்சைகளின் ஊடாகப் பின்தொடர்ந்து 2010இல் எழுதினார்கள். முதற் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் இரண்டாம் பரீட்சைக்குத் தள்ளிப்போட்டது குறைவு. தம்மை மன்னிக்காதவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. பொறிமுறை விளங்கக்கூடியதுதான். வெட்கம் சேர்ந்துவிட்ட வேலையை நினைத்தாலே வலிக்கிறது. வலிப்பதை மனம் பார்க்க மறுக்கிறது. பார்க்காமல் விட்ட வேலைமேல் வெட்கம் இன்னும் ஏறுகிறது. வாகனத்துக்குள் கிடக்கும் அந்த விண்ணப்பம் மறதியால் கிடந்தது முதல் வாரம் மட்டுந்தான். அதன்பின் அதைக் கையில் எடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்: தவறு நடந்த இடத்தில் குற்றவாளியைத் தேடுவதை நிறுத்தி, வேலையின் அமைப்பை மாற்றுவது. இதைச் சொல்வது எளிது. முப்பது வருடப் பழக்கத்தை மாற்ற ஒத்திகை வேண்டும். அதற்குத் தோதான இடமாக நான் கருதுவது கைவேலையையும் கலையையும். அங்கே தவறுக்கு அபராத வட்டி இல்லை, பரீட்சகர் இல்லை, தன் மூளை எந்த நிபந்தனையில் நன்றாக ஓடுகிறது என்று அச்சமின்றிக் கவனிக்கலாம்.

ஒரு பெருநாள் இரவை எடுத்துக்கொள்வோம். அந்தத் தங்கை மருதாணிக் கூம்பைக் கையில் எடுத்தால் வீட்டுப் பெண்களெல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பாலைக் கவனிக்க முடியாதவள் இரண்டு மணி நேரம் கையை எடுக்காமல் கொடியும் இலையும் இழுக்கிறாள். வீட்டாருக்கு இது முரண்பாடாகத் தெரியும்: வேண்டுமென்றால் முடிகிறதே, அப்போது மற்ற வேலையில் ஏன் முடியவில்லை? முரண்பாடே இல்லை. மருதாணிக் குழம்பு உலர்ந்துகொண்டிருக்கிறது. முன்னால் நீட்டியிருப்பது ஓர் உயிருள்ள கை. ஒவ்வொரு கோடும் விழுந்த உடனே சரியா பிழையா என்று தெரிகிறது. ஒரு கை முடிந்ததும் ஒரு வேலை முழுதாக முடிகிறது. அடுப்பில் பால் காய்வதற்கு இவற்றில் ஒன்றும் இல்லை: நெடுநேரம் எதுவும் நடக்காது, பின் ஒரே கணத்தில் எல்லாம் நடந்துவிடும்.

அரக்கு வேலையிலும் இருப்பது இதே அமைப்பு. காலம் மனிதரின் தலைக்கு வெளியே, பொருளில் இருக்கிறது. பலன் மாதங்களுக்கு அப்பால் இல்லை, விரல்நுனியில் இருக்கிறது. பல்லேஹப்புவிதவின் கைவினைஞர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று நான் சொல்லவில்லை. எந்த மூளையையும் நிகழ்கணத்தில் இருத்திவைக்கும் ஏற்பாட்டை அந்தத் தொழில் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. உள்ளே கடிகாரம் பழுதான மூளைக்கு அதனால் இருமடங்கு உதவி கிடைக்கும் என்பது, மேலே சொன்ன ஆய்வுகளிலிருந்து நான் எடுக்கும் அனுமானம்.

நம்மிடம் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் நிறைய உண்டு. கச்சேரியில் கையால் தாளம் போடுவதைப் பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் தட்டாகவும் விரலாகவும் வீச்சாகவும் உடம்புக்கு வெளியே வைத்துவிடுகிறோம். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை நினைவில் சுமக்கவேண்டியதில்லை. மாத்தளைத் தோட்ட லயங்களின் வாசலில் தைப்பொங்கலன்று போடும் புள்ளிக் கோலத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள். சிறிய விதிகள் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தே பெரிய கோலங்கள் பிறக்கின்றன என்பது அதில் தெளிவானது. கவனம் சிதறும் ஒருவருக்கு இது பெரிய கொடை. புள்ளிகளை முதலில் வைத்துவிட்டால் திட்டமிடும் சுமையில் பாதி தரைக்கு இறங்கிவிடும். கோடு எங்கே போகவேண்டும் என்று புள்ளி சொல்லும். இடையில் பிள்ளை அழுது எழுந்துபோனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று: கோலம் மதியத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். பாதியில் நின்றுபோனதற்குச் சாட்சியாக அது அலுமாரிக்குள் கிடந்து வருடக்கணக்கில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்காது.

ஏனெனில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் வீட்டில் அப்படிப்பட்ட அலுமாரி ஒன்று அநேகமாக இருக்கும். பாதி பின்னிய குரோஷே, நாலு பாடத்தோடு நின்ற ஓர்கன், நீர்வண்ணப் பெட்டி, ஒரு சட்டைக்கு வெட்டி வைத்த துணி. புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது டோபமீன் பாய்கிறது. புதுமை தீர்ந்ததும் வற்றுகிறது. இதைக் குணக்கேடாகப் பார்த்தால் ஒவ்வொரு பொருளும் ஒரு குற்றச்சாட்டு. ஒருவர் ஆறு வாரம் மட்டும் நீர்வண்ணம் தீட்டினார் என்றால், அந்த ஆறு வாரம் அவர் நீர்வண்ணம் தீட்டினார், அவ்வளவுதான். பெட்டியைத் தெரிந்த பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம், அல்லது இரண்டு வருடம் கழித்துத் தானே திரும்பி வரலாம். வேலையைத் தேர்வு செய்யும்போதே அளவைச் சிறிதாக்குவதும் நல்லது. கட்டில் விரிப்பு வேண்டாம், ஒரே இருப்பில் முடியும் பூவொன்று போதும். முடித்தோம் என்ற உணர்வை அபூர்வமாகவே அனுபவித்த ஒருவருக்கு அது கிடைக்கும்போது நேரும் மாற்றத்தை நான் சாதாரணமாக எண்ணுவதில்லை.

கை சும்மா இராதவர்களைத் தடுக்காமல் விடுவதற்கும் ஆதாரம் உண்டு. பிரித்தானியாவில் ஜக்கி அன்ட்ரேட் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவொன்றைக் கேட்கக் கொடுத்தார். பாதிப்பேர் கேட்டுக்கொண்டே காகிதத்தில் வடிவங்களை நிழலிட்டார்கள். பின்னர் அவர்கள் நினைவுகூர்ந்தது 29 வீதம் கூடுதல். இது பொதுவான ஆட்களிடம் செய்த சோதனை. ஏ.டி.எச்.டி. உள்ள 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் கலிபோர்னியாவில் செய்த மற்றொன்றில், உடம்பைக் கூடுதலாக அசைத்த தருணங்களில்தான் விடைகள் கூடுதலாகச் சரியாக இருந்தன. கூட்டத்தில் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் கோலம் கிறுக்குபவர் ஒருவேளை எல்லாரையும்விட நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி, அடிக்கடி கேட்கும் ஒரு கூற்று: இவர்கள் இயல்பிலேயே கற்பனைவளம் மிக்கவர்கள். இதில் எவ்வளவு உண்மை? ஹொலி வைற், பிரிதி ஷா இருவரும் 2006இல் அமெரிக்க மாணவர்களிடம் சோதித்தார்கள். சாதாரணப் பொருளொன்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பது ஒரு சோதனை. நம்மூரில் சிரட்டையை வைத்துக் கேட்கலாம். அதில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் முந்தினார்கள். மூன்று சொற்களைப் பிணைக்கும் ஒரே சொல்லைக் கண்டுபிடிக்கும் சோதனையில் பிந்தினார்கள். 2011இல் செய்த அடுத்த ஆய்வில், இசை, எழுத்து போன்ற துறைகளில் வாழ்க்கையில் உண்மையாகச் சாதித்தவையும் இவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் மார்ட்டினே ஹோக்மன் குழுவினர் 2020இல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சித்திரம் நுட்பமானது. லேசான அளவில் இத்தன்மைகள் உள்ளவர்களிடம் விரிந்து செல்லும் சிந்தனை கூடியிருந்தது. நோயாகக் கணிக்கப்படும் அளவுக்குத் தீவிரமாக உள்ளவர்களிடம் அந்தக் கூடுதல் உறுதியாகத் தெரியவில்லை. ஊக்கமருந்துகள் கற்பனையைக் கெடுப்பதாகவும் பொதுவில் தெரியவில்லை. மருந்து குடித்தால் கை கலையை மறந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இந்தக் கடைசி முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பராக் குழுவினர் 2024இல் வெளியிட்ட சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. 457 பேர் கணினித் திரையில் எட்டு நிமிடம் பழம் பறித்தார்கள். ஒரு புதரில் பறிக்கப் பறிக்கப் பழம் குறையும். வேறு புதருக்குப் போனால் பயணத்துக்கு நேரம் செலவாகும். ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் கூடுதலாகக் குறித்தவர்கள் சீக்கிரம் புதரை விட்டு நகர்ந்தார்கள், மொத்தத்தில் கூடுதலாகவும் பறித்தார்கள். மற்றவர்கள் வற்றிய புதரில் அளவுக்கு மீறித் தங்கிவிட்டார்கள். கென்யாவில் அரியால் இன ஆண்களிடம் டான் ஐசன்பெர்க் செய்த ஆய்வு 2008இல் வந்தது. டோபமீன் ஏற்பியின் ஒரு மரபணு வடிவம், கால்நடை மேய்த்து அலையும் குழுவில் நல்ல ஊட்டத்தோடும், ஓரிடத்தில் குடியேறிய குழுவில் ஊட்டக்குறைவோடும் சேர்ந்திருந்தது. தனியொரு மரபணுவிலிருந்து அதிகம் ஊகிக்கக்கூடாது. 2023ஆம் ஆண்டின் பெரிய மரபணு ஆய்வு ஏ.டி.எச்.டி.யோடு தொடர்புள்ள 27 இடங்களைக் கண்டது, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆனாலும் ஒரே இயல்பு ஒரு வாழ்க்கைமுறையில் துணையாகவும் இன்னொன்றில் சுமையாகவும் ஆகலாம் என்பது நம் வெங்காய விவசாயிக்குச் சொல்லத்தக்க செய்தி. அறுவடைக் களமும் அலுவலகப் படிவமும் அவரிடம் கேட்பவை வேறுவேறு.

இதையெல்லாம் வைத்து ஏ.டி.எச்.டி. ஒரு வரம் என்று முழங்குவதை நான் ஏற்கமாட்டேன். பிரித்தானியாவில் இந்தக் கணிப்பைப் பெற்ற 30,039 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2025இல் வெளிவந்த ஆய்வு, அவர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களில் ஏறத்தாழ 6.8 வருடமும் பெண்களில் 8.6 வருடமும் குறைவு என்று மதிப்பிட்டது. புகைத்தல், விபத்து, கவனிக்காமல் விட்ட உடல்நோய், மனச்சோர்வு, தற்கொலை என்று பல வழிகளால் வாழ்நாள் குறையக்கூடும். லியனார்டோ டாவின்சிக்கும் இதுதான் இருந்தது என்று இறந்து ஐந்நூறு வருடமானவருக்கு நோய் கணிக்கும் கட்டுரைகள் வருகின்றன. படிக்கச் சுவையாக இருக்கலாம். கடன் தவணை பிந்தி வெட்கத்தில் வங்கிப் பக்கமே போகாத மனிதருக்கு டாவின்சியால் ஆவதொன்றுமில்லை. மேதையாக இருந்தால்தான் தன்னை ஏற்றுக்கொள்ளலாம் என்பது இன்னொரு வகைப் பரீட்சை.

அவருக்கு உதவுவது, வயலிலும் மருதாணியிலும் அரக்கிலும் இருக்கும் அமைப்பைப் படிவத்துக்கும் கொண்டுபோவது. தனியே நிரப்ப முடியாத விண்ணப்பத்தைக் கமநல சேவை நிலையத்தின் வாங்கில் இருந்துகொண்டே, அலுவலர் பார்க்க, நிரப்பிக் கொடுத்துவிட்டு எழும்புவது. அயல் விவசாயி ஒருவரோடு ஒரே மேசையில் இருந்து இருவரும் அவரவர் கணக்கைப் பார்ப்பது. தவணையை அறுவடை மாதத்தோடு பொருத்தித் தரமுடியுமா என்று வங்கியைக் கேட்பது. உம்மா இங்கே பெரிய துணை. அன்றாடம் சொல்லும் வாக்கியத்துக்குப் பதிலாகக் கொட்டகையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் நீர்ப்பம்பு அன்றைக்கே பூட்டப்படலாம். இவற்றைச் செய்ய முன்நிபந்தனை ஒன்றுதான்: எனக்கு இப்படித்தான் வேலை நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு. கைவேலையில் தன் மூளையின் இயல்பைப் பழகிக்கொண்டவருக்கு அந்த வாக்கியம் எளிதாக வரும் என்று நினைக்கிறேன்.

கலையும் பரிவும் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் டோபமீனை நரம்பிடைவெளியில் சற்றுக் கூடுதல் நேரம் தங்கவைத்துப் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் 2010இல் வெளியிட்ட பரிசோதனையில், மருந்து எடுத்தும் அறிகுறிகள் எஞ்சியிருந்த 86 பெரியவர்களில், திட்டமிடலையும் சிந்தனைப் பழக்கத்தையும் மாற்றும் உளச்சிகிச்சை பெற்றவர்கள், தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். யாருக்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். இதயநோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கலேவெலயில் இருப்பவருக்கு மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இலவசம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். போகும்போது பழைய பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகள் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் உம்மாவையோ மூத்த சகோதரத்தையோ கூட்டிப்போங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்னைய நிலையை வைத்தியர் கட்டாயம் கேட்பார். இன்னும் கவனம் தேவை, கெட்டிக்காரி ஆனால் முயற்சி போதாது என்று வகுப்பாசிரியர் தவணைதோறும் எழுதிய வரிகளை வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். எந்த ஆண்டில் தொடங்கியது, எந்தப் பாடத்தில் தெரியவில்லை, யாருடைய வகுப்பில் குறைந்திருந்தது என்றுதான் அவர் அவற்றை வாசிப்பார்.